ரெண்டு ரெண்டா குதிச்ச செகண்ட் முள்ளு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க பேப்பர்ல வர்ற வாசகர் கடிதத்த நைட் டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போற பஸ்ல தான் படிப்பேன். நர்ஸுங்களப் பத்தி வர்ற லெட்டர் முக்காவாசி புகாரா தான் இருக்கும், எரிஞ்சு விழுறாங்க, பெல் அடிச்சா வர மாட்டேங்குறாங்க, வயசானவங்கள மனுஷனாவே மதிக்கிறதில்லன்னு. படிக்கிறப்ப கோவம் வரும், ஆனா அதுல பாதிக்கு மேல நியாயம் இருக்குன்னு உள்ளுக்குள்ள தெரியும். 19 வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். சரி, என் மேல நானே ஒரு புகார் எழுதிருவோம்னு தான் உக்காந்தேன், எழுத எழுத அது புகாரா மட்டும் இல்லாம வேற எங்கயோ போயிடுச்சு, நீளமாவும் ஆயிடுச்சு, பொறுத்துக்கங்க. ஆஸ்பத்திரி பேரும் பெரியவர் பேரும் சொல்ல மாட்டேன், அவங்க குடும்பம் இத படிச்சா அவங்களுக்குத் தெரியும், அது போதும்.

அன்னிக்கு நைட் ஹேண்ட்ஓவர் எடுக்குறப்ப பகல் சிஸ்டர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு. "ஏழாம் பெட், 84 வயசு, கீழ விழுந்து இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள், கன்ஃப்யூஸ்டு, அக்ரஸிவ், கத்துறார், கைய புடிச்சு இழுக்குறார், கேக்குற கேள்விக்கு சம்பந்தமே இல்லாம பதில் சொல்றார், பாத்து." கேஸ் ஷீட்லயும் அதே தான், மூணு ஷிப்ட்ல மூணு பேர் எழுதியிருந்தாங்க, மூணு பேரும் கிட்டத்தட்ட அதே வார்த்தை. எங்க தொழில்ல இது ஒரு வியாதி. ஒருத்தர் "கன்ஃப்யூஸ்டு"ன்னு எழுதிட்டா அடுத்தவங்க கண்ணால பாக்குறதுக்கு முன்னாடியே அது மனசுல உக்காந்துக்கும், அப்புறம் அந்த மனுஷன் என்ன செஞ்சாலும் அதுக்கு சாட்சியா தான் தெரியும்.

போய் பாத்தா வலது கைய காஸ் பேண்டேஜால கட்டில் கம்பியோட லூசா கட்டி வச்சிருந்தாங்க. டிரிப்ஸ் லைனை ரெண்டு தடவ இழுத்துட்டாராம். கட்டக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், கட்டினா குழப்பம் இன்னும் அதிகமாகும்னு பாடத்துலயே படிச்சது தான், ஆனா நைட்ல முப்பது பேஷன்ட்டுக்கு ரெண்டு பேர் நிக்கிறப்ப பாடம் ஒரு பக்கம், நெசம் ஒரு பக்கம். சாக்கு சொல்லல, நடக்குறத சொல்றேன். நான் அந்த முடிச்ச அவுத்து, கை வீங்கியிருக்கா, விரல் சில்லுன்னு இருக்கான்னு பாத்துட்டு, பல்ஸ் எடுக்க மணிக்கட்டப் புடிச்சேன். அவர் என் கையவே உத்துப் பாத்துட்டு இருந்தாரு. முப்பது செகண்ட் எண்ணி முடிக்கிறதுக்குள்ள இன்னொரு கையால என் மணிக்கட்டப் புடிச்சு இழுத்து என்னமோ பெரிய சத்தமா சொன்னாரு, பக்கத்து பெட் காரர் முழிச்சுக்கிட்டாரு, நான் பயந்துட்டேன். "விடுங்க தாத்தா!"ன்னு வெடுக்குன்னு கைய உருவிட்டேன்.

அப்புறம் செஞ்சது தான் எனக்கு இப்பவும் உறுத்துது. அந்தக் கைய மறுபடி கட்டினேன். மாஸ்க்கோட நின்னுக்கிட்டு, லைட்டுக்கு முதுக காட்டிக்கிட்டு, "இது என்ன மாசம்?"னு கேட்டேன். "பாசமா தான் இருக்கான், புள்ளைய குத்தம் சொல்லக்கூடாது"ன்னாரு. நான் ஷீட்ல எழுதினேன், நேரம், இடம் தெரியல, குழப்பம் தொடர்கிறதுன்னு. நாலாவது ஆளா நானும் அதே வார்த்தை.

இப்ப யோசிச்சுப் பாத்தா சிரிப்பும் வருது அழுகையும் வருது. மாசம்னு கேட்டது பாசம்னு விழுந்திருக்கு, கேட்ட கேள்விக்கு மனுஷன் ஒழுங்கா தான் பதில் சொல்லியிருக்காரு!

மறுநாள் நைட்டும் நான் தான். ராத்திரி மூணு மணி இருக்கும், வார்டு கொஞ்சம் அடங்கியிருந்துச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைக்கணும்ல, அதுக்காகப் போனேன். தூங்கல. கண்ண சுருக்கி சுருக்கி எதிர் சுவத்தப் பாக்குறாரு, அந்த சுவத்துல ஒண்ணுமே இல்ல, கடிகாரம் கூட இல்ல. கண்ணாடி போடுறவரா இருப்பாரோன்னு சந்தேகம் வந்துச்சு, மூக்கு மேல ரெண்டு பக்கமும் தழும்பு மாதிரி பள்ளம் இருந்துச்சு, வருஷக்கணக்கா கண்ணாடி போட்டவங்களுக்குத் தான் அது இருக்கும். சரின்னு லாக்கர தொறந்தேன். அட்மிஷன் அன்னிக்கு கழட்டின துணியெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல முடிச்சுப் போட்டு அப்படியே கெடந்துச்சு, யாரும் பிரிக்கல. சட்டைப் பையில கண்ணாடி இருந்துச்சு, அது கூட ஒரு சின்ன டப்பா. தொறந்தா காதுக்குப் பின்னாடி மாட்டுற ஹியரிங் எய்ட்.

சத்தியமா சொல்றேன், கால் தரையில ஒட்டல எனக்கு. மூணு நாளா இந்த மனுஷனுக்கு காதே கேக்கல. நாங்க நாலு பேர், டாக்டருங்க தனி, ஒருத்தருக்குக் கூட அது தோணல.

மொதல்ல கண்ணாடிய மாட்டி விட்டேன். அப்புறம் மெஷின கையில காட்டினேன், அவர் மொகம் மாறின விதத்த எனக்கு எழுதத் தெரியல, தொலைஞ்சு போன புள்ளைய பாத்த மாதிரின்னு வச்சுக்கங்க. கட்டின கைய நானே அவுத்தேன். மெஷின உள்ளங்கையில வச்சு மூடிப் பாத்தாரு, ஒழுங்கா இருந்தா அப்படி மூடுறப்ப கீச்சுன்னு ஒரு விசில் வரணும், வரல. பேட்டரி கதவ மூடியே வச்சிருந்ததால மூணு நாள்ல தீந்து போச்சு. சட்டைப் பைய காட்டி கைய ஆட்டினாரு, மறுபடி தேடினா ஒரு பேப்பர்ல மடிச்சு நாலு புது பேட்டரி, ஒவ்வொண்ணு மேலயும் ஆரஞ்சு கலர் ஸ்டிக்கர். அந்தக் கலருக்கு அர்த்தம் இருக்குன்னு அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மஞ்சள்னா 10ஆம் நம்பர் சைஸு, பிரவுன்னா 312, ஆரஞ்சுன்னா 13, ப்ளூன்னா 675, எந்தக் கம்பெனி பேட்டரியா இருந்தாலும் இதே கலர் தான், கண்ணு மங்கின வயசுலயும் நம்பர படிக்காம கலர வச்சே எடுத்துக்கலாம்.

நான் ஸ்டிக்கர உரிச்சு டக்குன்னு உள்ள தள்ளப் போனேன். அவர் என் கைய தட்டி நிறுத்தினாரு. ஒரு விரல தூக்கிக் காட்டினாரு. எனக்குப் புரியல. பேட்டரிய வாங்கி தன் உள்ளங்கையில வச்சுக்கிட்டு, என் மணிக்கட்டப் புடிச்சு, இந்தத் தடவ மெதுவா, என் வாட்ச்சைத் தொட்டுக் காட்டினாரு. ஒரு நிமிஷம். இருன்னு சொல்றாரு. அந்தப் பேட்டரி காத்துல ஓடுறது, உள்ள இருக்கிற துத்தநாகம் காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேந்தா தான் கரண்ட் வரும், ஸ்டிக்கர உரிச்சதும் மேல இருக்கிற பொடி ஓட்டை வழியா காத்து உள்ள போக ஒரு நிமிஷமாவது விடணும், உடனே போட்டா சரியா புடிக்காது. ஸ்டிக்கர ஒரு தடவ உரிச்சுட்டா அவ்வளவு தான், திரும்ப ஒட்டினாலும் அது உயிர விட்டுக்கிட்டே தான் இருக்கும். இதெல்லாம் அப்புறம் அவர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டது.

அப்ப நடந்தது என்னன்னா, அந்த இருட்டு வார்டுல டார்ச் வெளிச்சத்துல நாங்க ரெண்டு பேரும் என் வாட்ச்ல செகண்ட் முள்ள பாத்துக்கிட்டு சும்மா நின்னோம். ஒரு நிமிஷம். ஆஸ்பத்திரில ஒரு நர்ஸ் ஒரு பேஷன்ட் பக்கத்துல ஒரு வேலையும் செய்யாம ஒரு முழு நிமிஷம் நிக்கிறது எவ்வளவு அபூர்வம்னு எங்க ஆளுங்களுக்குத் தான் தெரியும். அவர் இன்னொரு கை விரலால கட்டில் கம்பியில தட்டிக்கிட்டே இருந்தாரு, டொக், கொஞ்சம் கேப், டொக், கொஞ்சம் கேப். எனக்கு என்னமோ இடிச்சுது. செகண்டுக்கு ஒரு தட்டு இல்ல அது. அப்பத்தான் முள்ள ஒழுங்கா பாக்குறேன், அது ஒவ்வொண்ணா நகரல, ரெண்டு செகண்டு நின்னு ரெண்டு கோடு ஒண்ணா தாவுது. ஒரு நிமிஷத்துக்கு 30 தாவல். அவர் தட்டினதும் 30.

மெஷின மாட்டினாரு, விசில் வந்துச்சு, சரி பண்ணிக்கிட்டாரு. மூணு நாளா வார்டே அதிர கத்தின மனுஷன், ரகசியம் சொல்ற மாதிரி மெல்லிசா மொத வார்த்த பேசுறாரு: "பேட்டரி போகப்போகுதும்மா."

"இப்பத் தானே அய்யா புதுசு போட்டோம்."

"என்னோடது இல்ல. உன் வாட்ச்சோடது. முந்தாநேத்துல இருந்து சொல்லிட்டு இருக்கேன், நீ கைய உருவிக்கிற."

ஆசிரியர் அய்யா, அவர் 50 வருஷத்துக்கு மேல வாட்ச் ரிப்பேர் பண்ணினவரு.

எனக்கு அந்த இடத்துல அப்படியே தரையில உக்காந்துடலாம் போல இருந்துச்சு. ஷீட்ல நாங்க எழுதினது ஒவ்வொண்ணா வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. கத்துறார்: தன் குரல் தனக்கே கேக்கலன்னா எவ்வளவு சத்தமா பேசுறோம்னு யாருக்குத் தெரியும். கைய புடிச்சு இழுக்குறார்: எதிர்ல கடிகாரம் இல்ல, ஜன்னல் இல்ல, ராத்திரியா பகலான்னு தெரியல, மணி என்னன்னு கேட்டா சொல்றது காதுல விழல, சரி வாட்ச்ச பாத்துக்கலாம்னு வர்ற சிஸ்டருங்க கைய திருப்பிப் பாத்திருக்காரு. டிரிப்ஸ புடுங்கினார்: அத மட்டும் நான் கேட்டேன், "ஏன் அய்யா புடுங்கினீங்க?" "குத்தின எடம் வீங்கிருச்சு, எரியுது எரியுதுன்னு சொன்னேன், யாரும் பாக்கல, நானே கழட்டினேன்"ன்னாரு. பாத்தா உண்மை தான், பழைய ஊசி போட்ட எடம் செவந்து தடிச்சு கெடந்துச்சு. (கையில வாட்ச் கட்டாத, சட்டையில குத்திக்கிற வாட்ச் தான் சுத்தம்னு எங்க இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டர் சொல்லிக்கிட்டே இருப்பாங்க, அவங்க இத படிச்சா ஒரு தடவ மன்னிக்கணும்.)

இங்க நான் கொஞ்சம் நிதானமா ஒண்ணு சொல்லணும், இல்லன்னா படிக்கிறவங்க தப்பா எடுத்துக்குவாங்க. ஆஸ்பத்திரில வயசானவங்களுக்கு திடீர்னு வர்ற குழப்பம் நெசமாவே இருக்கு, டெலிரியம்னு பேரு. மறதி நோய் மாதிரி வருஷக்கணக்கா மெல்ல மெல்ல வர்றது இல்ல இது, சில மணி நேரத்துல, ரெண்டு மூணு நாள்ல வரும், காலையில தெளிவா இருப்பாங்க சாயங்காலம் என்னென்னமோ பேசுவாங்க, ஏறி எறங்கும். யூரின்ல இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், தண்ணி பத்தாம போறது, புதுசா குடுத்த மாத்திரை, அடங்காத வலி, தூக்கம் கெடுறது, எதுனாலயும் வரும். சத்தம் போடுறவங்களையாவது நாங்க கவனிச்சுடுவோம், இன்னொரு வகை இருக்கு, பேசாம சுருண்டு தூங்கிக்கிட்டே இருப்பாங்க, "பெருசு தொந்தரவே பண்ணல"ன்னு நாங்களே சந்தோஷப்படுவோம், அவங்க தான் ஜாஸ்தி எங்க கண்ணுல படாமயே போயிடுறாங்க. இத கண்டுபுடிக்க 1990ல ஷரன் இனோயின்ற டாக்டரும் அவங்க கூட இருந்தவங்களும் ஒரு முறை கொண்டு வந்தாங்க, சி.ஏ.எம்.னு சொல்வோம், திடீர்னு வந்துச்சா, ஏறி எறங்குதா, கவனம் நிக்குதா, பேச்சு கோர்வையா இருக்கா, முழிப்பு எப்படி இருக்குன்னு பாக்குறது. கவனத்த பாக்க மாசத்தையோ கிழமையையோ பின்னாடி இருந்து சொல்லச் சொல்லிக் கேப்போம். கேள்வியே காதுல விழாதவரு அதுல எப்படி பாஸ் ஆவாரு?

காது கேக்காம, கண்ணாடி இல்லாம படுக்க வச்சா, குழப்பம் இல்லாதவருக்கும் நெசமாவே குழப்பம் வந்துடலாம்ன்றது தான் இதுல கொடுமை. அதே இனோயி குழு 1999ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 70 வயசும் அதுக்கு மேலயும் ஆன 852 பேர். ஒரு பக்கம் வழக்கமான கவனிப்பு. இன்னொரு பக்கம் ஆறு விஷயத்த மட்டும் விடாம பாத்துக்கிட்டாங்க: ஞாபகம் தடுமாறுறவங்களுக்கு நாள், இடம், பேரு சொல்லிப் பேச்சு குடுக்குறது, தூக்கம், எழுப்பி நடக்க வைக்கிறது, கண்ணு, காது, தண்ணி. புது மருந்து ஒண்ணும் இல்ல. வழக்கமான பக்கம் நூத்துக்கு 15 பேருக்கு டெலிரியம் வந்துச்சு, இந்தப் பக்கம் நூத்துக்கு 10க்கும் கொஞ்சம் கம்மி. கண்ணாடி மாட்டுறது, காது மெஷின் மாட்டுறது, தண்ணி குடுக்குறது, இது தான் வைத்தியம். நான் இத படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஏழாம் பெட்ல நின்னப்ப ஒண்ணும் வரல.

அப்புறம் அஞ்சு நைட் அவர் வார்டுல இருந்தாரு. மூணு மணிக்கு முழிச்சுக்குவாரு, நானும் திருப்பி விடப் போவேன், அப்ப அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம் பேச்சு. அவர்கிட்ட எப்படிப் பேசணும்னு அவரே பாடம் எடுத்தாரு. கத்தாதேன்னாரு. வயசானா காதுல மொதல்ல போறது கீச்சு சத்தம் தான், ச, த, க, ப மாதிரி மெய்யெழுத்து எல்லாம் அதுல தான் இருக்கு, கனமான சத்தம், ஆ ஊ எல்லாம் கேக்கும், அதனால பேசுறாங்கன்னு தெரியும் என்ன பேசுறாங்கன்னு தெரியாது. நாம கத்தினா அந்த ஆ ஊ தான் இன்னும் பெருசாகும், குரலும் கீச்சாகும், இருக்கிறதும் கெட்டுப்போகும். "கொரல கொஞ்சம் கீழ எறக்கு, மொகத்த வெளிச்சத்துல வை, ஒவ்வொரு வார்த்தையா விடு, அவ்வளவு தான்." மாஸ்க் தான் அவருக்கு பெரிய எதிரி, பாதி கேள்விய அவர் உதட்டுல தான் கேப்பாராம். அப்புறம் தாத்தான்னு கூப்பிட்டது புடிக்கல. "எனக்குப் பேரன் பேத்தி இருக்காங்க, அவங்க கூப்பிடட்டும், நீ அய்யான்னு சொல்லு." நான் எத்தன ஆயிரம் பேர தாத்தா பாட்டின்னு கூப்பிட்டிருப்பேன், பாசமா தான் கூப்பிட்டேன், ஒருத்தர்கிட்ட கூட கேட்டது இல்ல.

வாட்ச் பத்தி ஆரம்பிச்சா நிக்கவே மாட்டாரு. செகண்ட் முள்ளு ரெண்டு ரெண்டா தாவுறது ரிப்பேர் இல்லயாம், நிறைய குவார்ட்ஸ் வாட்ச்ல பேட்டரி எறங்கிடுச்சுன்னு அது நமக்கு சொல்ற ஜாடை அது. நேரம் தப்பாது, சரியா தான் காட்டும், ஆனா இன்னும் கொஞ்ச நாள் தான்னு அர்த்தம். "அது மாதிரி தான் நானும், நேரம் சரியா தான் காட்டிட்டு இருந்தேன், நீங்க தான் ரிப்பேர்னு எழுதிட்டீங்க"ன்னு ஒரு தடவ சொல்லிட்டு அவரே குலுங்கிக் குலுங்கி சிரிச்சாரு, தையல் வலிச்சுது, அப்புறம் நிறுத்திட்டாரு. உள்ள ஒரு பொடி குவார்ட்ஸ் கல்லு ஒரு செகண்டுக்கு 32,768 தடவ அதிருமாம், அத பாதி, பாதியில பாதின்னு 15 தடவ வெட்டிக்கிட்டே போனா கரெக்டா ஒண்ணு வரும், அந்த ஒண்ணு தான் ஒரு செகண்டு. நான் போன்ல கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன், வருது! கையில கட்டுற மொத குவார்ட்ஸ் வாட்ச் ஜப்பான்ல சீக்கோ கம்பெனி 1969 டிசம்பர் 25ஆம் தேதி விட்டது, அத அவர் சொன்ன விதத்துல தன் வீட்டுல நடந்த சாவு தேதி மாதிரி சொன்னாரு. சாவி குடுக்குற வாட்ச்ச தொறந்து, கண்ணுல லென்ஸ மாட்டி, பேலன்ஸ் வீல், அதான் உள்ள முன்னயும் பின்னயும் ஆடுற சக்கரம், மூச்சு விடுறத பாக்குற சுகம் இந்தக் கல்லுல கிடையாதாம். அதுக்கப்புறம் வாட்ச் கெட்டா ரிப்பேருக்கு வர்றவங்க கொறஞ்சு, பேட்டரி மாத்த வர்றவங்க மட்டும் வந்தாங்க.

பல்ஸ வாட்ச் வச்சு எண்ணுறது எப்ப வந்துச்சுன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல, வீட்டுக்குப் போய் தேடிப் படிச்சேன். இங்கிலாந்துல ஜான் ஃப்ளாயர்னு ஒரு டாக்டர் 1707 வாக்குல, சரியா ஒரு நிமிஷம் ஓடுற மாதிரி ஒரு வாட்ச் செஞ்சு வாங்கி நாடிய எண்ணியிருக்காரு. மறுநாள் நைட் போய் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப ஒன் வேலைக்கு மொத கருவிய செஞ்சு குடுத்தது எங்க ஆளு"ன்னாரு. அந்தப் பெருமைய பாக்கணுமே!

கடைசி ராத்திரி என் வாட்ச் நின்னே போச்சு. அவர் மகன்கிட்ட சொல்லி 377ன்னு ஒரு பேட்டரி முன்னாடியே வாங்கி வச்சிருந்தாரு, வாட்ச்ச பாத்தே நம்பர் சொல்லிட்டாரு. நான் நெனச்சேன், இப்ப பாரு, அந்தக் கையில கருவிய குடுத்தா நடுக்கமெல்லாம் போய் டக்குன்னு மாத்திடுவாருன்னு. அப்படி நடக்கல. கை நடுங்குச்சு. பின் மூடிய நெம்பப் பாத்தாரு, ரெண்டு தடவ வழுக்குச்சு, மூணாவது தடவ வாட்ச்ச என்கிட்ட நீட்டிட்டாரு. "நீ செய், நான் சொல்றேன்." ஓரத்துல ஒரு பொடி பள்ளம் இருக்கும் அங்க நெம்புன்னாரு, தொறந்துச்சு. நான் பழக்கத்துல ஸ்டீல் ஃபோர்செப்ஸ எடுத்தேன், "ஏய் ஏய், இரும்புல ரெண்டு பக்கமும் சேத்துப் புடிச்சா ஷார்ட் ஆயிடும், பிளாஸ்டிக் இல்லயா?"ன்னாரு. டிரஸ்ஸிங் பேக்ல வர்ற பிளாஸ்டிக் ஃபோர்செப்ஸ் இருந்துச்சு. வெறும் விரலால தொடாத, வேர்வை பட்டா கெட்டுடும், தொடச்சு வை, பிளஸ் மேல, மெதுவா, அந்த சுருள் இருக்கே அதுல இடிக்காத, அது முடிய விட மெல்லிசு, அறுந்தா வாட்ச் போச்சு. ஊசி போடுறப்ப கூட எனக்கு அப்படி வேர்த்தது இல்ல. முள்ளு ஒரு நடுக்கம் நடுங்கி ஓட ஆரம்பிச்சுது, ஒவ்வொண்ணா. அவர் கண்ணாடிய மூக்குல எறக்கி வச்சு ஒரு நிமிஷம் முழுசா பாத்தாரு. "பரவால்ல, கை சுத்தமா இருக்கு"ன்னு மட்டும் சொன்னாரு. 19 வருஷத்துல எனக்கு சர்டிபிகேட் எல்லாம் குடுத்திருக்காங்க, ஷீல்டு கூட ஒண்ணு வீட்டுல இருக்கு.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு நான் டியூட்டியில இல்ல. வாக்கர் புடிச்சு பத்து அடி நடந்து வீல் சேருக்குப் போனாருன்னு பகல் சிஸ்டர் சொன்னாங்க, ஏழாம் பெட் எதிர் சுவத்துல ஒரு கடிகாரம் மாட்ட சொல்லி வார்டு இன்சார்ஜ்கிட்ட சண்ட போட்டுட்டு தான் போனாராம். மாட்டியாச்சு.

வீட்டுல பெரியவங்க இருக்கிற வாசகர்களுக்கு ஒண்ணு கேட்டுக்குறேன். அவசரமா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர்றப்ப எல்லாரும் பழைய ரிப்போர்ட் ஃபைல எடுத்துட்டு வர்றீங்க, நல்லது தான், ஆனா காது மெஷின "தொலைஞ்சுடும், விலை ஜாஸ்தி"ன்னு வீட்டுலயே வச்சுட்டு வந்துடுறீங்க. கொண்டு வாங்க. ஒரு டப்பாவுல பேரு எழுதி, கண்ணாடி, காது மெஷின், ஸ்பேர் பேட்டரி, பல்செட் இருந்தா அதுக்கு மூடி போட்ட டப்பா. எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு மெஷின கழட்டச் சொல்வாங்க, கழட்டினா யார் கையில குடுத்தோம்னு பாத்துக்கங்க, திரும்ப மாட்டினாங்களான்னும் பாருங்க, ராத்திரி கழட்டினா பேட்டரி கதவ தொறந்து வைங்க. எந்தக் காது நல்லா கேக்கும், என்னன்னு கூப்பிட்டா புடிக்கும்னு ஒரு பேப்பர்ல எழுதி கட்டில் தலைமாட்டுல ஒட்டிடுங்க, எங்க சிஸ்டருங்க கோவிச்சுக்க மாட்டாங்க. எங்களுக்கு அவர 84 வயசா வந்த நாள்ல இருந்து தான் தெரியும், "நேத்து வரைக்கும் எங்கப்பா இப்படி இல்ல"ன்னு சொல்றதுக்கு உங்கள விட்டா ஆள் இல்ல, அத ஒரு தடவ சொல்லி நாங்க காதுல வாங்கலன்னா டாக்டர புடிச்சு நிறுத்தி மறுபடி சொல்லுங்க.

சக நர்ஸுங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வரல, அவங்களுக்கே தெரியும். நான் இப்ப "கன்ஃப்யூஸ்டு"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி லாக்கர தொறந்து பாக்குறேன், அவ்வளவு தான்.

லெட்டர் ரொம்ப நீளம்னு தெரியும், உங்களுக்கு எடம் பத்தாது. எத வேணா வெட்டுங்க, 1969ஐயும் 1707ஐயும் வெட்டினா கூட அவர் கோவிச்சுப்பாரு, நான் சமாதானம் பண்ணிக்கிறேன். ஸ்டிக்கர உரிச்சுட்டு ஒரு நிமிஷம் காத்துல வைக்கணும்ன்றத மட்டும் தயவு செஞ்சு வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்
(பேரு வேண்டாம்)